மோதிரப் படமும் மோதிரப் புத்தகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எனக்கு உயிர். அதைப் பீட்டர் ஜாக்சன் மூன்று படங்களாக எடுத்தார். புத்தகம் இப்படி, படம் அப்படி என்று நான் பேசிக்கொண்டே இருப்பதால், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இருக்கிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் கதையின் முடிவுவரை சொல்லியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்க.

சவுரான் என்ற கொடியவன் செய்த மோதிரம், ஷயர் என்ற விவசாய நாட்டில் வாழும் ஃபுரோடோவின் கைக்கு வந்துசேர்கிறது. அவன் ஹாபிட் இனத்தவன். நம் இடுப்பு உயரம்தான் இருப்பான். மோதிரத்தை வைத்திருப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் அது கெடுத்துவிடும். அது உருவான எரிமலையில் போட்டால்தான் அழியும். ஃபுரோடோவும் அவன் வீட்டுத் தோட்டக்காரன் சாமும் அதைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். புத்தகம் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகமாக வெளிவந்தது. படங்கள் 2001, 2002, 2003 ஆகிய மூன்று டிசம்பர்களில் வந்தன.

உங்களுக்குப் படம் பிடிச்சிருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க அண்ணா.

பிடிச்சிருக்கு. முதல் படத்தில் எனக்குக் குறை என்று பெரிதாக எதுவும் கிடையாது. இரண்டாவதில் ஒரு ஆளுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். மூன்றாவது பரிந்துரைக்கப்பட்ட 11 பிரிவுகளிலும் ஆஸ்கர் வாங்கிய படம். நான் அதிகம் அழுததும் அதில்தான், என் பெரிய மனத்தாங்கலும் அதில்தான். அந்த மனத்தாங்கலைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

படத்தில் எது சரியாக அமைந்தது?

முதலில் ஷயர். நியூசிலாந்தில் ஒரு பண்ணை நிலத்தில் அந்த ஊரை அமைத்தார்கள். படப்பிடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே செடிகளையும் வேலிகளையும் நட்டு வளரவிட்டார்கள். அதனால்தான் அந்த ஊர் நேற்றுப் போட்ட செட் மாதிரித் தெரியவில்லை. ஃபுரோடோவை வளர்த்த சொந்தக்காரர் பில்போவின் வீட்டை இரண்டு அளவில் கட்டினார்கள். ஹாபிட்களுக்குச் சரியாக இருக்கும் ஒன்று, மந்திரவாதி காண்டால்ஃப் தலையில் இடித்துக்கொள்ளும்படி சின்னதாக ஒன்று. பல காட்சிகளில் ஆட்களின் உயர வித்தியாசத்தைக் கம்ப்யூட்டரில் செய்யவில்லை. ஒருவரைக் காமிராவுக்குப் பக்கத்திலும் இன்னொருவரைத் தள்ளியும் உட்காரவைத்து, பக்கத்தில் இருப்பதுபோல் காட்டினார்கள். புத்தகத்துக்கு ஓவியம் வரைந்துகொண்டிருந்த ஆலன் லீ, ஜான் ஹவ் இருவரையுமே அழைத்துப் படத்தின் தோற்றத்தை உருவாக்கச் சொன்னார்கள். நான் மனதில் பார்த்திருந்த பாதி இடங்கள் அப்படியே திரையில் வந்ததற்கு அதுதான் காரணம்.

அடுத்தது போரோமிரின் சாவு. ஃபுரோடோவோடு துணைக்குப் போனவர்களில் ஒருவன், மோதிரத்துக்கு ஆசைப்பட்டு அவனிடமிருந்து பறிக்கப் பார்த்தவன் போரோமிர். புத்தகத்தில் அவன் சண்டையிட்டதை நாம் நேரில் பார்ப்பதில்லை. கூட வந்த இன்னொரு வீரன் அரகார்ன் வந்துசேரும்போது அவன் அம்புகளோடு மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறான், தன் தப்பை ஒப்புக்கொண்டு செத்துப்போகிறான். அதுவும் இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் வருவது. ஜாக்சன் அதை முதல் படத்தின் முடிவுக்குக் கொண்டுவந்து, முழுச் சண்டையையும் காட்டினார். அம்பு பாய்ந்தும் எழுந்து நின்று மெர்ரி, பிப்பின் என்ற ஹாபிட் பையன்கள் இருவரையும் காக்கப் போராடுகிறான். புத்தகத்தைவிடப் படம் ஒரு படி மேலே போன இடம் இது என்று தயங்காமல் சொல்வேன். அதற்குப் பிறகு ஒன்றைக் கவனியுங்கள். போரோமிர் முன்கையில் கட்டியிருந்த தோல் கவசத்தை அரகார்ன் எடுத்துத் தன் கையில் கட்டிக்கொள்கிறான். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அடுத்த இரண்டு படங்களிலும் அது அவன் கையிலேயே இருக்கிறது. புத்தகத்தை நேசித்த ஒருவர்தான் இப்படி ஒன்றைச் சேர்க்க முடியும்.

மூன்றாவதாகக் கோல்லம். மோதிரத்தை நெடுங்காலம் வைத்திருந்து கெட்டுப்போனவன், ஃபுரோடோவுக்கும் சாமுக்கும் வழிகாட்டியாக வருகிறவன். ஆண்டி செர்கிஸ் உடம்பை வளைத்து நடித்து, குரல் கொடுத்து, அதன்மேல் கணினி உருவம் ஏற்றப்பட்ட பாத்திரம். தனக்குள் இருக்கும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளும் அந்த இரவுக் காட்சிக்கு இன்றைக்கும் வயதாகவில்லை.

டாம் பாம்பாடிலைக் காணோமே, கோபம் வரலையா?

வரவில்லை. காட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிற, மோதிரத்துக்கு மசியாத அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் இல்லாமலும் கதை நகரும். ஆற்றைக் கடக்கும் காட்சியில் புத்தகத்தில் வருகிற எல்ஃப் வீரர் குளோர்ஃபிண்டெலுக்குப் பதிலாக அரகார்னின் காதலி ஆர்வென் வருவதும் அப்படித்தான். கொஞ்ச நேரமே வந்துபோகிற ஒருவரை அறிமுகப்படுத்தாமல், பின்னால் வேண்டியிருக்கும் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு.

அப்போ யாருக்கு அநியாயம் செய்தாங்க?

ஃபாரமிருக்கு. போரோமிரின் தம்பி. புத்தகத்தில் அவன் கையில் ஃபுரோடோ சிக்குகிறான், மோதிரம் இருப்பதும் தெரிந்துவிடுகிறது. வழியில் கிடந்தால்கூட இதை எடுக்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தவன், சொன்னபடியே நின்று அவர்களை விட்டுவிடுகிறான். அண்ணன் விழுந்த இடத்தில் தம்பி விழவில்லை. படத்தில் அவனும் ஆசைப்பட்டு, அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு நகரம்வரை போய், அதற்குப் பிறகுதான் மனம் மாறுகிறான். எல்லாரையும் கெடுக்கும் என்று சொல்லிவந்த மோதிரத்தை ஒருவன் சுலபமாக மறுத்துவிட்டால் அதன் பயம் போய்விடும் என்பது படம் எடுத்தவர்கள் சொன்ன காரணம். புரிகிறது, ஆனால் ஏற்கமுடியவில்லை. படிப்பும் நிதானமும் உள்ளவன், போரை விரும்பாமல் போர் செய்கிறவன், அப்படி ஒருவன் அந்த உலகத்தில் இருக்கிறான் என்பதுதான் படிக்கிற எனக்குத் தெம்பாக இருந்தது.

ஆனால் அதே ஃபாரமிருக்கு மூன்றாம் படத்தில் ஒரு பெரிய காட்சி கொடுத்திருக்கிறார்கள். அப்பா டெனதோர் அவனைச் சாவுக்கென்றே தெரிந்த சண்டைக்கு அனுப்பிவிட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சின்னத் தக்காளியைக் கடிக்கிறார், சிவப்புச் சாறு தாடையில் வழிகிறது. எதிரே நின்று ஹாபிட் பையன் பிப்பின் பாட்டுப் பாடுகிறான். அந்த வரிகள் புத்தகத்தில் வேறொரு இடத்தில், பயணம் கிளம்பும் மகிழ்ச்சியில் வருகிற நடைப்பாட்டிலிருந்து எடுத்தவை. மெட்டுப் போட்டவர் பிப்பினாக நடித்த பில்லி பாய்ட். இடம் மாற்றினாலும் பாட்டின் பொருளைக் கெடுக்கவில்லை. கூடுதல் கனம் ஏற்றிவிட்டார்கள்.

சாமைத் திருப்பி அனுப்புவது புத்தகத்திலும் உண்டா?

கிடையாது. ரொட்டித் துணுக்கைச் சாமின் மேல் தூவி, அவன்தான் தின்றான் என்று கோல்லம் பழிபோட, ஃபுரோடோ அவனை வீட்டுக்குப் போகச் சொல்லும் காட்சி படத்துக்காகச் சேர்த்தது. புத்தகத்தில், அவர்கள் மலையேறும் அதே படிக்கட்டில் நடப்பது வேறு. ஃபுரோடோ சாமின் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான், சாமும் கண்ணயர்ந்துவிட்டான். கோல்லம் திரும்பி வந்து அவர்களைப் பார்க்கிறான். அவன் முகத்தில் இருந்த வெறி அடங்குகிறது. நடுங்கும் கையை நீட்டி ஃபுரோடோவின் முழங்காலை மெதுவாகத் தொடுகிறான். அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால், காலம் கடந்தும் சாகாமல் களைத்துப்போன ஒரு கிழட்டு ஹாபிட்டைத்தான் பார்த்திருப்பார்கள். அதற்குள் சாம் விழித்து, “என்ன பண்றே?” என்று அதட்டிவிடுகிறான். அவ்வளவுதான், அந்தக் கணம் போய்விட்டது, கோல்லம் பழையபடி ஆகிவிடுகிறான். நல்லவனான சாமின் ஒரு கடுஞ்சொல், திருந்தப்போன ஒருவனைத் தள்ளிவிட்டது. இவ்வளவு பெரிய விஷயம் புத்தகத்தில் ஒரே பத்தி. செர்கிஸ் மாதிரி ஒரு நடிகர் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ரொட்டித் துணுக்கைப் பிடித்துக்கொண்டார்களே என்று இப்போதும் வருத்தம்தான்.

கதையை மாற்றவே கூடாதுங்கிறீங்களா சார்?

இல்லை. குமரி மாவட்டத்தில் வளர்ந்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இங்கே தோல்பாவைக் கூத்தில் ராமாயணம் நடக்கும். ராமனைவிட உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அந்த இருவரும் வால்மீகியிலும் கிடையாது, கம்பனிலும் கிடையாது. அதற்காக யாரும் அதை ராமாயணம் இல்லை என்று சொன்னதில்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கும் தெரியும். ஒரே சாமி கதையை ஒரு குழு நீட்டிப் பாடும், இன்னொன்று சுருக்கும், பாடுகிறவர் அந்த ஊர் விஷயத்தையும் நடுவில் சேர்ப்பார். ஆனால் எந்தக் குழுவும் தொடாத இடம் ஒன்று இருக்கும். சாமி எதனால் சாமியானதோ, அந்த இடம். பாம்பாடிலை நீக்கியதில் எனக்குக் கோபம் இல்லை, ஷயர் அத்தியாயத்தை நீக்கியதில் கோபம் என்றால், காரணம் இதுதான்.

அது என்ன ஷயர் அத்தியாயம்?

கடைசிக்கு முந்தைய அத்தியாயம். படத்தில் மோதிரம் அழிந்தபிறகு நான்கு ஹாபிட்களும் ஊருக்குத் திரும்பினால் ஊர் விட்ட இடத்திலேயே இருக்கிறது. வயல் பச்சையாக இருக்கிறது, சத்திரத்தில் பழைய ஆட்கள் பழையபடி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

புத்தகத்தில் அவர்கள் திரும்பும்போது பாலத்தில் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறது. சத்திரங்களை மூடிவிட்டார்கள். சுவரில் சட்டங்களின் பட்டியல் தொங்குகிறது. ஃபுரோடோவின் சொந்தக்காரன் ஒருவன், அவர்கள் போனபிறகு நிலத்தையும் ஆலையையும் சத்திரங்களையும் ஒவ்வொன்றாக வாங்கிக் குவித்திருக்கிறான். விளைச்சல் வண்டி வண்டியாக வெளியே போகிறது, உள்ளூரில் பஞ்சம். பழைய ஆலையை இடித்துப் புதியது கட்டி, அதன் கழிவை ஓடையில் விட்டு ஆற்றையே கெடுத்துவிட்டார்கள். சாலையோர மரங்களை வெட்டிச் சும்மா போட்டிருக்கிறார்கள், விறகுக்குக்கூட இல்லை. கதையின் முதல் அத்தியாயத்தில் பில்போவின் 111-ஆவது பிறந்தநாள் விருந்து ஒரு பெரிய மரத்தடியில் நடக்கும். அதையும் வெட்டிவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் சாம் அழுகிறான். எரிமலை ஏறியபோது அழாதவன்.

பிறகு ஊர்மக்களைத் திரட்டுகிறார்கள். மெர்ரியும் பிப்பினும் முன்னால் நின்று நடத்துகிறார்கள். சண்டையில் 19 ஹாபிட்கள் சாகிறார்கள். ஃபுரோடோ கடைசிவரை வாளை உருவுவதில்லை. சரணடைந்தவர்களைக் கொல்லவிடாமல் தடுப்பதுதான் அவன் வேலை. அப்புறம் சாம், எல்ஃப் அரசி கலாட்ரியல் கொடுத்த சின்னப் பெட்டியைத் திறக்கிறான். உள்ளே அவள் தோட்டத்து மண்ணும் ஒரே ஒரு விதையும். வெட்டுப்பட்ட இடங்களிலெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் வேரிலும் அந்த மண்ணில் ஒரு துளி வைக்கிறான். விதையை விருந்து மரம் நின்ற திடலில் ஊன்றுகிறான்.

அதை விட்டதில் உங்களுக்கு என்ன இவ்வளவு வருத்தம்?

நான் நாஞ்சில் நாட்டுக்காரன். பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்ததிலிருந்து அதன் கால்வாய்த் தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த வயல்கள் எங்கள் ஊரைச் சுற்றி. அவற்றில் பல இன்று மனைகள். முதலில் ஒரு மூலையில் செம்மண் கொட்டுவார்கள், பிறகு கல் நட்டுக் கயிறு கட்டுவார்கள், அடுத்த மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் பக்கத்து வயலும் அழுகும், அவரும் விற்றுவிடுவார். மேற்கே போனால் மலையை உடைத்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாகப் போகின்றன. சின்ன வயதில் இருந்த சில குன்றுகள் இப்போது பள்ளங்கள்.

இதை எந்தச் சவுரானும் வந்து செய்யவில்லை. விற்றவர்களும் வாங்கியவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள். அந்த அத்தியாயம் சொல்வது அதைத்தான். தூரத்தில் இருக்கிற இருட்டுக் கோட்டையை இடித்துவிட்டு வந்தாலும், நம் ஊர்ப் பாலத்தில் பூட்டிய கதவு இருக்கும், அதை நாம்தான் திறக்கவேண்டும். காண்டால்ஃப் ஊருக்குக் கொஞ்சம் முன்னால்வரை வந்துவிட்டு, இது உங்கள் வேலை, இதற்குத்தான் உங்களைப் பழக்கியிருக்கிறேன் என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நடந்த பயணமெல்லாம் எதற்கு என்பதற்கு அங்கேதான் பதில். அதை எடுத்துவிட்டால் ஹாபிட்கள் அடுத்தவர் போரில் உதவி செய்துவிட்டு வந்தவர்களாக நின்றுவிடுகிறார்கள்.

இந்த அத்தியாயம் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இங்கிலாந்தைக் குறிக்கிறது என்று பலர் சொன்னதை டோல்கீன் மறுத்தார். தனக்குப் பத்து வயது ஆவதற்கு முன்பே, தான் வளர்ந்த நாட்டுப்புறம் அழிக்கப்பட்டதையும், குளத்தோரம் இடிந்துகிடந்த பழைய ஆலையையும் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் நினைவுகூர்ந்தார். சின்ன வயதில் பார்த்த குளமும் ஆலையும் ஒருவரை ஐம்பது வருஷம் விடாது என்பதை நாஞ்சில் நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

படம் ஏற்கெனவே நீளம். இதையும் சேர்த்தால் யார் உட்கார்ந்து பார்ப்பாங்க?

நியாயமான கேள்வி. மூன்றாம் படம் திரையரங்கில் 3 மணி 21 நிமிடம் ஓடியது. மோதிரம் அழிந்தபிறகு முடிகிற மாதிரி முடிகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது என்று அப்போதே குறை சொன்னார்கள். எனக்கு அந்த முடிவுகளில் ஒன்றையும் குறைக்கத் தோன்றவில்லை. ஊர் திரும்பிய நால்வரும் சத்திரத்தில் கோப்பைகளோடு உட்கார்ந்து, பேச ஒன்றும் இல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, ஷயர் அத்தியாயத்தில் பாதியை அந்த ஒரு பார்வையில் கொண்டுவந்துவிட்டார் ஜாக்சன். முதல் படத்தில் கலாட்ரியலின் தண்ணீர்க் கண்ணாடியில் ஷயர் எரிவதும் சில நொடி வரும். அவருக்கும் அந்த அத்தியாயம் மனதில் இருந்திருக்கிறது. அதனால்தான் ஆசை இன்னும் கூடுகிறது.

எந்தப் பதிப்பைப் பார்க்கணும்?

முதல் தடவை திரையரங்கப் பதிப்பு. பிடித்திருந்தால் நீட்டித்த பதிப்பு. அதில் முதல் படத்தில் சுமார் அரை மணி நேரம் கூடுதல், மூன்றாவதில் சுமார் ஐம்பது நிமிடம். ஃபாரமிர் அண்ணனையும் அப்பாவையும் நினைத்துப் பார்க்கும் காட்சி நீட்டித்த பதிப்பில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தபிறகு அவன்மீது படம் செய்த அநியாயம் கொஞ்சம் குறையும்.

சித்தப்பா, புத்தகம் படிக்க ஆசை. இங்கிலீஷ் கஷ்டமா இருக்குமா?

தொடக்கம் மெதுவாகத்தான் போகும் மக்கா. முன்னுரையில் ஹாபிட்களின் வரலாறு வரும், அதைத் தாண்டி விருந்து அத்தியாயத்துக்குப் போ. முதலில் ‘தி ஹாபிட்’ படித்துவிட்டு வந்தால் இன்னும் சுலபம். 1937-இல் வந்த சின்னப் புத்தகம், பிள்ளைகளுக்கு எழுதியது. தெரியாத வார்த்தைக்கெல்லாம் அகராதி பார்க்காதே, பத்தியில் ஒன்று பார்த்தால் போதும். பாட்டுகளைப் பெரும்பாலானவர்கள் தாவிவிடுவார்கள். நீ வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளை, பாட்டில் பழைய கதை வரும் என்று உனக்குத் தெரியும். வாய்விட்டுப் படி. பின்னிணைப்புகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரகார்ன், ஆர்வென் கதையை மட்டும் விடாதே.

சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் காட்டலாம், நீங்கள் கூட உட்கார்ந்து. மூன்றாம் படத்தில் ராட்சதச் சிலந்தி வரும் குகையில் பெரியவர்களே காலை மேலே தூக்கிக்கொள்வார்கள்.

நம்ம ஊர்க் கதையை இந்த அளவில் எடுத்தால் எதை எடுக்கலாம்?

கேள்வியே வேண்டாம், நீலி கதை. கள்ளியங்காட்டில் தன்னை நம்பவைத்துக் கொன்றவனைப் பழிவாங்க, பிறவி தாண்டி வருகிற பெண். முப்பந்தலில் இசக்கியாக இருப்பவள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசுகிற வேகத்துக்கு எந்தக் கணினி வித்தையும் தேவையில்லை. கால வரிசையை மாற்றட்டும், பாத்திரங்களைச் சேர்க்கட்டும், பழையனூர்க் காட்சிகளைச் சுருக்கட்டும். ஆனால் சாகும்போது அவள் வேறு யாரும் இல்லாமல் பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சிக்கு அழைக்கிறாள். பழிவாங்க வரும்போது கள்ளிக்கொப்பைத்தான் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். அந்தச் செடியைப் பார்க்க அழகாக இல்லை என்று நீக்கிவிட்டு வேறு ஏதாவது பூமரத்தை வைக்கிறேன் என்று இயக்குநர் சொன்னால், அந்தப் படத்துக்கு நான் போகமாட்டேன்.